டோரீனின் கரடிக்கு ஒரு பெட்டித் தோட்டா

கரடி வேட்டைக்கான குலுக்கலில் டோரீனுக்கு உரிமம் விழுந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது மார்லிஸ் பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். டோரீன் கைபேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். மார்லிஸ் ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு படித்தாள். டோரீன் பெல்கோலா. பெயரில் எந்தத் தப்பும் இல்லை. மார்லிஸ் லாஹ்தி என்ற பெயருக்கு வழக்கம்போல இந்த ஆண்டும் இல்லை என்ற பதில் காலையிலேயே வந்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"நெசமாவே சந்தோஷம்டி," என்றாள். சொன்ன வாய் கசந்தது.

இருவரும் காட்டோரத்தில் இருந்த அந்தச் சிற்றூரில் ஒரே வகுப்பில் படித்து, ஒரே சமையலறையில் வேலை பார்ப்பவர்கள். டோரீனுக்கு மணமுறிவு ஆனபோது அவள் சாமான்களை ஏற்றி இறக்கியது மார்லிசின் கணவன் ரூடியின் வண்டிதான். ஆனால் வேட்டை என்று வந்தால் மார்லிஸ் ஒரு படி மேலே. டோரீன் பழைய கணவனோடு ஏதோ சில தடவை மான் வேட்டைக்குப் போயிருக்கிறாள். மார்லிசுக்கோ மான் விழாத இலையுதிர் காலமே கிடையாது. கரடி மட்டும் வாய்க்கவில்லை. அதற்கு உரிமம் வேண்டும், உரிமத்துக்குக் குலுக்கல், குலுக்கலில் அவள் பெயர் வருவதே இல்லை. டோரீன் இந்த ஆண்டுதான் முதன்முதலாகக் கேட்டாள். அதுவும் மார்லிஸ் விண்ணப்பம் போடும்போது பக்கத்தில் நின்றதால், நானும் ஒன்று போடுகிறேன் என்று விளையாட்டாகச் சேர்ந்துகொண்டவள்.

மார்லிசை அரித்த விஷயம் இன்னொன்றும் இருந்தது. வேட்டைக்காலத்தில் முதல் பருவம், கடைசிப் பருவம் என்று பிரிவு உண்டு. முதல் பருவத்தில் கரடி இரைக்குச் சுலபமாக வரும், கேட்பவர்களும் அதிகம். கடைசியில் போகிறவன் காற்றைத்தான் சுடவேண்டும் என்று ரூடி ஆண்டுதோறும் சொல்வான். அவளும் அவன் பேச்சைக் கேட்டு முதல் பருவத்தையே கேட்பாள். டோரீனுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. விண்ணப்பத்தில் அவள் கையில் பட்டது கடைசிப் பருவம். கேட்டவர்கள் குறைவு. விழுந்துவிட்டது.

அன்று மாலை இறைச்சியும் கிழங்கும் அடைத்த பாஸ்டியைத் தட்டில் வைத்தபடியே ரூடியிடம் சொன்னாள். அவனும் தன்னோடு சேர்ந்து கொஞ்சம் வயிறெரிவான் என்று எதிர்பார்த்தாள். ரூடி முள்கரண்டியைக் கீழே வைத்தான். வெட்டுமர லாரி ஓட்டிக் களைத்து வந்த முகம் சட்டென்று விளக்குப் போட்டதுபோல ஆயிற்று.

"அவ அப்பாவோட த்ரீ-நாட்-எயிட் துப்பாக்கி தானே அவகிட்ட இருக்கு? தோட்டா மட்டும் அவளாப் போய் எதையாவது வாங்கிடாமப் பாத்துக்க. சனிக்கிழமை வரச் சொல்லு. நான் உக்கார வெச்சுச் சொல்றேன்."

உக்கார வெச்சுச் சொல்றேன் என்ற அந்தச் சொல் மார்லிசை மீன்முள்போலக் குத்தியது. கல்யாணமான முதல் இலையுதிர் காலத்தில், அவள் தன் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா நல்லது என்று கேட்டபோது, ரூடி இழுப்பறையைத் திறந்து, பாதி தீர்ந்த ஒரு பெட்டியை எடுத்துக் கையில் போட்டான். "இதுல போ," என்றான். அவ்வளவுதான். அவள்தான் பிறகு ஒவ்வொரு பெட்டியாக வாங்கி, தனியாக மணல்குழிக்குப் போய்ச் சுட்டுப் பார்த்து, தன் துப்பாக்கிக்கு எது ஒத்துவருகிறது என்று கண்டுபிடித்தாள். ஒரே அளவுத் துப்பாக்கி என்றாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாக்கு உண்டு, ஒன்றுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது என்பதை யாரும் அவளை உட்கார வைத்துச் சொல்லவில்லை.

சனிக்கிழமை டோரீன் தானே சுட்ட ஏலக்காய் ரொட்டியோடு வந்தாள். முடியைப் புதிதாக வெட்டியிருந்தாள். ரூடி வாராவாரம் நீராவிக் குளியல் போடும் சவுனாவுக்குக் கூட இன்னும் அடுப்பு மூட்டாமல், சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, தோட்டாப் பெட்டிகளைக் கடை வைத்ததுபோல் அடுக்கியிருந்தான். மார்லிஸ் காப்பி ஊற்றினாள்.

அவன் சொன்னதில் குறை சொல்ல எதுவும் இல்லை. மானின் உடம்பு மெலிந்தது, கரடிக்கு அடர்ந்த முடி, அதற்குக் கீழே விரல் தடிமனுக்குக் கொழுப்பு, அதற்கும் கீழே தோள் எலும்பு என்று விளக்கினான். நுனியில் பிளாஸ்டிக் முனை வைத்த தோட்டா ஒன்றை எடுத்து உருட்டிக் காட்டினான். மானுக்கு இது அருமை, உள்ளே போனதும் பூவாக விரிந்து அங்கேயே நின்றுவிடும், ஆனால் கரடியின் தோளில் பட்டால் பாதி வழியிலேயே உடைந்துபோகலாம் என்றான்.

"நமக்கு ரெண்டு ஓட்டை வேணும் டோரீன். உள்ள போற ஓட்டை ஒண்ணு, வெளிய வர்ற ஓட்டை ஒண்ணு."

"ஒண்ணு போதாதா?"

"ஒரு ஓட்டைன்னா கொழுப்பு வந்து அடைச்சுக்கும். கசியறத முடி உறிஞ்சுக்கும். தரையில ஒரு சொட்டு விழாது. அப்புறம் அந்தச் சதுப்புக்குள்ள எங்கன்னு போய்த் தேடுவ?"

பிறகு, கடைசியாக வைத்திருந்த பெட்டியைத் திறந்தான். குண்டின் எடை நூற்றெண்பது கிரெயின். செம்பு உறையும் உள்ளே இருக்கும் ஈயமும் பிரியாதபடி ஒட்டவைத்த கனமான குண்டு. ஒன்றை எடுத்து டோரீனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவனே மடக்கி மூடினான். கனத்தைப் பார், என்றான். டோரீன் கண்ணை அகல விரித்துத் தலையாட்டினாள்.

மார்லிஸ் கெட்டிலைப் பிடித்தபடி அந்த மடங்கிய விரல்களையே பார்த்தாள். டோரீன் மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை, ரூடி மேலும் இல்லை. சந்தேகப்பட ஏதாவது இருந்திருந்தால் கூட நன்றாயிருக்கும், சத்தம் போட்டு ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். இது அதைவிடக் கேவலமாக இருந்தது. தனக்குக் கிடைக்காத ஒரு மணி நேரம் இன்னொருத்திக்குக் கிடைப்பதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

"நுனியில ஈயம் தெரியுமே, அந்தச் சாதா ஈயமூக்கே போதுமே," என்றாள். "அறுபது கஜத்துல தானே உக்காரப் போறா. அதுவே ஊடுருவிப் போயிடும். துப்பாக்கி வேற லேசு, கனமான குண்டு போட்டா தோளப் பேத்துடும்."

"முதல் கரடி மார்லிஸ். அதுல போயா சிக்கனம் பாக்கறது?" என்றான் ரூடி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மார்லிஸ் கோப்பைகளைக் கழுவப் போனாள். கழுவியதையே திரும்பவும் கழுவினாள்.

மறுவாரம் மூவரும் ஊருக்கு வெளியே பழைய மணல்குழிக்குப் போனார்கள். ரூடி மேசை போட்டு, மணல்மூட்டை வைத்து, டோரீனின் முழங்கையை இப்படி, கன்னத்தை இப்படி என்று திருத்தினான். மார்லிஸ் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வெடியிலேயே டோரீன் பின்னால் ஒரு குலுங்கு குலுங்கினாள். துப்பாக்கியைத் தோளில் அணைக்கும் பின்கட்டையில் ரப்பர்கூட இல்லை, அந்தக் காலத்து இரும்புத் தகடு. அடுத்தடுத்த குண்டுகள் இலக்கு அட்டையில் ஒன்று மேலே, ஒன்று ஓரத்தில், ஒன்று எங்கே போனதென்றே தெரியாமல் போயின.

குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, ரூடி திருகாணிகளைத் திருப்ப ஆரம்பித்தான். அவன் நின்றது டோரீனுக்குப் பின்னால், அவன் கண் அட்டையின் மேல். மார்லிஸ் உட்கார்ந்திருந்தது பக்கவாட்டில். அங்கிருந்து அவளுக்கு எல்லாம் தெரிந்தது. விசையை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்பே டோரீன் கண்களை இறுக மூடிக்கொள்கிறாள். துப்பாக்கி பின்னால் உதைக்கும் என்ற பயத்தில் தோள் முன்னால் பாய்கிறது, குழல் கீழே குனிகிறது. ஸ்கோப் பாவம், அது என்ன செய்யும்?

சொல்ல ஒரு வார்த்தை போதும். மார்லிஸ் குடுவையைத் திறந்து காப்பி குடித்தாள். ரூடி திருகித் திருகி வேர்ப்பதைப் பார்க்க அவளுக்குச் சுகமாக இருந்தது. டோரீன் தோளைத் தேய்த்துக்கொள்வதைப் பார்க்கவும் சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகத்தைக் கண்டு அவளுக்கே கொஞ்சம் பயம் வந்தது, ஆனாலும் பேசவில்லை. கடைசியில் ஏதோ ஒரு குண்டு தற்செயலாக நடுவில் விழ, ரூடி கைதட்டினான், எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு ஒருநாள், பண்டக அறையில் மாவு மூட்டை எடுக்கப் போன இடத்தில், டோரீன் சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டினாள். கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. ரூடி இன்னும் இரண்டு தடவை மணல்குழிக்குக் கூட்டிப் போயிருக்கிறான்.

"அவருகிட்ட வலிக்குதுன்னு சொல்ல வெக்கமா இருக்குடி. இவ்வளவு மெனக்கெடறாரு. நீ சொல்லு, இந்தத் தோட்டாவே போதுமா, வேற மாத்தட்டுமா? நீதானே அன்னிக்கு வேற என்னமோ சொன்ன?"

கேள்வி நேராகவே வந்தது. மார்லிஸ் மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டே, "ரூடி சொன்னா சரியாத்தான் இருக்கும். பழகிடும், விடு," என்றாள்.

டோரீன் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

அன்று பிற்பகல் முழுக்க மார்லிசுக்கு வேலை ஓடவில்லை. டோரீனை நினைத்து அல்ல. டோரீன் மேல் இருந்த எரிச்சல் அப்படியே இருந்தது. அவள் நினைப்பில் வந்தது கரடி. கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவளின் குண்டு தோளுக்குப் பின்னால் போகவேண்டிய இடத்தை விட்டு வயிற்றில் போகும். எவ்வளவு உயர்ந்த குண்டாக இருந்தாலும் வயிற்றில் போனால் அது வயிற்றுக் காயம்தான். முன்பொரு முறை அவள் தம்பி இப்படித்தான் ஒரு மானைச் சுட்டுவிட்டு வந்தான். இருவரும் தேவதாருச் சதுப்புக்குள் அதைத் தேடி நடந்தார்கள். கண்டுபிடித்தபோது அது இன்னும் உயிரோடு, தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பார்வைக்கு யார் மேல் யாருக்குப் பொறாமை என்பதெல்லாம் தெரியாது.

வேலை முடிந்ததும் நேரே ஆர்னியின் இரும்புக் கடைக்குப் போனாள். வாசலுக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் டப்பாக்களுக்குக் கீழே, நூற்றைம்பது கிரெயின் சாதா ஈயமூக்குத் தோட்டாக்கள் அடுக்கியிருந்தன. ஒரு பெட்டி எடுத்தாள். பின்கட்டையில் மாட்டும் ரப்பர் உறை ஒன்றும் எடுத்தாள். வெளியே வந்து டோரீனைக் கூப்பிட்டு, துப்பாக்கியோடு மணல்குழிக்கு வா, ரூடியிடம் சொல்லவேண்டாம் என்றாள்.

மணல்குழியில் மார்லிஸ் அதிகம் பேசவில்லை. முதலில் ரூடியின் கனத்த தோட்டாக்களையே எடுத்து, அவற்றோடு பயிற்சிக்கென்று வைத்திருக்கும் வெடிமருந்தில்லாத பொய்த் தோட்டா ஒன்றைக் கலந்தாள். எது எப்போது வரும் என்று சொல்லமாட்டேன், நீ பாட்டுக்குச் சுடு என்றாள். இரண்டாவது தடவை டோரீன் விசையை அழுத்தியபோது 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. வெடிக்கவே இல்லை, ஆனால் குழல் மட்டும் தானாகவே தரையைப் பார்த்துக் குனிந்தது.

டோரீன் குனிந்த குழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள்.

"அடக் கடவுளே, நானே தரையச் சுடறேனா?"

"உதைக்குப் பயப்படற. உன் மேல தப்பில்ல. அந்தத் தோட்டாவுக்கு உன் துப்பாக்கி லேசு. இத மாட்டு."

ரப்பர் உறையை மாட்டி, புதுப் பெட்டியைத் திறந்தார்கள். முதல் சில தோட்டாக்களுக்கு டோரீனின் உடம்பு பழைய பயத்தை விடவில்லை. மெதுவாகத்தான் விட்டது. மார்லிஸ் அவளை வெறும் துப்பாக்கியோடு மூச்சை விட்டு விசை இழுக்கப் பழக்கினாள், பிறகு ஒரு தோட்டா, பிறகு மறுபடி வெறும் துப்பாக்கி. வெயில் சாய்வதற்குள் அட்டையில் மூன்று ஓட்டைகள் நெருங்கி விழுந்தன. காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தால் மூன்றும் உள்ளே அடங்கிவிடும். ரூடி திருகிவைத்த ஸ்கோப்பைச் சரிசெய்து இன்னும் மூன்று சுட்டார்கள், அவை நடுவிலேயே போயின.

சாமான்களைக் கட்டும்போது மார்லிஸ், "பண்டக அறையில நான் சொன்னது சரியில்ல," என்றாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எனக்கு உரிமம் விழுந்ததுலேர்ந்து உன் மூஞ்சி மூஞ்சியாவே இல்ல. அன்னிக்கு உங்க வீட்டு மேசையில அத நான் பாக்கலைன்னு நெனச்சியா? உன் புருஷன நீயே வெச்சுக்கடி அம்மா. ஒரு தோட்டாவுக்கு ஒரு மணி நேரம் பேசறாரு மனுஷன். என் பழைய ஆளாவது குடிச்சாத்தான் பேசுவான்."

மார்லிசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்த பிறகும் உள்ளே அந்தக் கசப்பு போகவில்லை. உரிமம் இன்னும் டோரீனிடம்தான் இருந்தது.

ரூடிக்கு விஷயம் அன்றே தெரிந்தது, மார்லிசே சொல்லிவிட்டாள். அவன் முகம் சுருங்கியது. தன் முதுகுக்குப் பின்னால் தோட்டாவை மாற்றியது அவனுக்குப் பெரிய அவமானமாகப் பட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"நான் கேட்டப்ப பாதிப் பெட்டியத் தூக்கிக் கையில போட்டீங்க. அவளுக்கு மட்டும் செய்தித்தாள் விரிச்சு, காப்பி குடிச்சு, கையப் புடிச்சு."

அவள் எதைப்பற்றிப் பேசுகிறாள் என்று அவனுக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று.

"அது எந்தக் காலத்துக் கதை. நீதான் நல்லா சுடுவியே. உனக்கு நான் என்னத்தச் சொல்லித் தர்றது? சொன்னா நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் நன்றாகச் சுடுகிறாள் என்று இத்தனை ஆண்டுகளில் அவன் இப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறான் என்பதும் தெரிந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல், சவுனாவுக்கு விறகு எடுக்கப் போனாள்.

செப்டம்பர் முடியும்போது டோரீனின் கடைசிப் பருவம் திறந்தது. மேப்பிள் மரங்கள் சிவந்து பாதி உதிர்ந்திருந்தன. டோரீனின் அண்ணனுக்கு ஊருக்கு வடக்கே சதுப்பை ஒட்டி நிலம் இருந்தது. அங்கே ஒட்டுப்பலகையில் ஒரு மறைவிடம் அடித்து, எதிரே விழுந்துகிடந்த மரத்துக்கடியில் பழைய டோனட்டும் ஓட்ஸும் பாகும் கொட்டிவைத்தார்கள். ரூடிக்கு அந்த வாரம் தொலைதூர லோடு. அவன் இருந்திருந்தாலும் மார்லிசைத்தான் கூப்பிட்டிருப்பேன் என்று டோரீன் சொன்னாள். மார்லிஸ் துப்பாக்கி இல்லாமல், வெறுங்கையோடு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேட்டை மறைவிடத்தில் வெறுங்கையோடு உட்காருவது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

முதல் மாலைகள் அணில்களோடும் கொசுக்களோடும் கழிந்தன. பிறகு ஒருநாள், அணில்கள் சட்டென்று வாயடைத்துப்போன நேரத்தில், கரடி அங்கே நின்றது. வந்த சத்தமே இல்லை. சற்று முன்பு நிழலாக இருந்த இடம் இப்போது கரடியாக இருந்தது. கன்னங்கரேல் என்று, பளபளவென்று, குளிர்காலத்துக்குக் கொழுத்து உருண்ட நல்ல ஆண். மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்துவிட்டு, டோனட்டைப் பூப்போல எடுத்துத் தின்ன ஆரம்பித்தது.

"முகத்தக் காட்டிட்டு நிக்குது. பொறு," என்று மார்லிஸ் காதோரம் சொன்னாள். "பக்கவாட்டுல திரும்பட்டும். முன்னங்கால முன்னாடி வெக்கட்டும். நான் சொல்றேன்."

டோரீன் துப்பாக்கியைச் சட்டத்தில் ஊன்றியபடி காத்திருந்தாள். மார்லிசுக்குத் தன் ஆள்காட்டி விரல் மடியில் தானாகவே மடங்குவது தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் கண்ணை மூடினால் வந்த கரடி இதுதான். இதே மரம், இதே வெளிச்சம், இதே தூரம். அதில் தப்பாக இருந்தது ஒன்றே ஒன்று, துப்பாக்கி இருந்த தோள்.

கரடி திரும்பியது. பக்கவாட்டில் முழுசாக, அட்டையில் வரைந்ததுபோல நின்றது. முன்னங்கால் முன்னே போயிற்று. இப்ப என்ற ஒரு சொல்தான். அது மார்லிசின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விடவில்லை. ஏன் விடவில்லை என்று பிற்பாடு அவள் தன்னையே ஏமாற்றிக்கொள்ள முயலவில்லை. கிளை மறைத்தது, காற்று மாறியது என்றெல்லாம் சொல்ல எதுவுமில்லை. அந்தக் கரடி டோரீனுக்குக் கிடைக்கக்கூடாது என்று அந்த நேரத்தில் அவள் முழு மனசோடு நினைத்தாள்.

கரடி மறுபடி முகம் திருப்பிக்கொண்டது. ஓட்ஸை நக்கியது. டோரீன் அசையவில்லை, சொன்னபடி காத்திருந்தாள்.

பிறகு கரடி தலையைத் தூக்கி, இரண்டு எட்டு எடுத்து வைத்து, இன்னொரு தடவை பக்கவாட்டில் நின்றது. மார்லிஸ் வாயைத் திறந்தாள். சொல்லத்தான் திறந்தாள், அதை அவள் நம்பினாள். அதற்குள் டோரீன் மெதுவாக மூச்சை விட்டாள், கண்ணைத் திறந்தபடியே. வெடித்தது.

கரடி குறுகி, உறுமி, பந்துபோல் உருண்டு சதுப்பின் பக்கம் பாய்ந்தது. கிளைகள் முறிந்தன. சற்றுத் தள்ளி நீளமாக ஒரு முனகல் கேட்டது, அப்புறம் ஒன்றுமில்லை. டோரீன் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு, போகலாமா என்றாள். மார்லிஸ் அவள் கையைப் பிடித்து அழுத்தி, கொஞ்சம் ஆறட்டும் என்று உட்கார வைத்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிப் பார்த்தார்கள். பாசியின் மேல் இரண்டு பக்கமும் இரத்தம் தெறித்திருந்தது, கண்ணை மூடிக்கொண்டே பின்தொடரலாம்போல. முதல் ஊசியிலை மரத்தைத் தாண்டியதுமே கரடி முகம் குப்புறக் கிடந்தது. தோளுக்குப் பின்னால் போன குண்டு அந்தப் பக்கமாக வெளியே வந்திருந்தது. டோரீன் மண்டியிட்டு அதன் முடிக்குள் கைவிட்டாள். அழுதாள். பிறகு எழுந்து மார்லிசைக் கட்டிக்கொண்டாள். மார்லிசும் கட்டிக்கொண்டாள். வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை, முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

"மொதல்ல திரும்பினப்பவே சுட்டிருக்கலாமோ?" என்று கேட்டாள் டோரீன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மார்லிஸ் கரடியைப் பார்த்தபடி நின்றாள். "சுட்டிருக்கலாம்," என்றாள்.

டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரடியைப் புரட்டக் குனிந்தாள்.

மறுநாள் கரடியைப் பதிவுசெய்யும் நிலையத்துக்கு ரூடியின் வண்டியில் கொண்டுபோனார்கள். ஊர் திரும்பியிருந்த ரூடி வழியெல்லாம் நூற்றெண்பதாக இருந்தால் நின்ற இடத்திலேயே விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தான். அதிகாரி வயதைக் கணக்கிட அதன் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, சீட்டு மாட்டினார். வண்டியின் பின்பலகையைச் சுற்றி வழக்கமான கூட்டம் கூடியது. இரும்புக் கடை ஆர்னியும் அதில் இருந்தார். நுழைந்த ஓட்டையையும் வெளியே வந்த ஓட்டையையும் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, என்ன தோட்டா என்று கேட்டார். கேட்டது ரூடியைப் பார்த்து.

"நூத்தைம்பது, சாதா ஈயமூக்கு," என்றான் ரூடி, தொப்பியைப் பின்னால் தள்ளி. "அறுபது கஜத்துக்கு அது தாராளம். நான் எப்பவும் சொல்றதுதான்."

டோரீன் மார்லிசைப் பார்த்தாள். கூட்டம் தலையாட்டியது. மார்லிஸ் ஒரு ஓரமாக நின்றிருந்தாள். உரிமம் தன்னுடையதில்லை, கரடியும் இல்லை, சுட்ட விரலும் இல்லை. இந்த ஒரு பெட்டியும் இப்போது போகிறது.

"நான் எடுத்தது," என்றாள்.

குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் ஆர்னி கடையில வாங்கினேன். நான்தான் சுட்டுப் பழக்கினேன். இவரு நூத்தெண்பது சொன்னாரு. அவ தோள் இன்னும் நீலமா இருக்கு, வேணும்னா பாருங்க."

ஆர்னி மீசைக்குள் சிரித்தார். ரூடியின் காது சிவந்தது. தொப்பியைப் பழையபடி முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆமா," என்றான். "இவதான் எடுத்தா. துப்பாக்கி விஷயம் என்னைவிட இவளுக்குத்தான் தெரியும்."

"அதை இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களாக்கும்," என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. கரடியைவிட்டு ஆட்கள் மார்லிசிடம் வந்து, எந்த ரகம், என்ன தூரம், ரப்பர் உறை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அவள் பதில் சொன்னாள். ஒரு நிமிடம் நன்றாகவே இருந்தது. பிறகு யாரோ படம் எடுக்கலாம் என்றார்கள், டோரீன் கரடியின் தலையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள், மார்லிஸ் படத்துக்கு வெளியே நகர்ந்து நின்றாள். டோரீன் வா வா என்று கையை ஆட்டினாள். வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது என்று சொல்லி, மார்லிஸ் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டோரீன் தொடையிறைச்சியில் பெரிய துண்டு ஒன்றைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். மார்லிஸ் அதை வெங்காயமும் கேரட்டும் போட்டு, மெல்லிய தீயில் பொழுது சாயும்வரை வேகவிட்டாள். கரடிக்கறி விறைக்கும், நாறும் என்று பலர் சொல்வார்கள். இதுவும் அப்படியே இருக்கட்டும் என்று அவளுக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. மூடியைத் திறந்தால் வீடு முழுக்க மணந்தது. மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இறைச்சி முள்கரண்டி பட்டதும் பிரிந்து வந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் டோரீன்.

"நல்லா இருக்கு," என்றாள் மார்லிஸ், கொஞ்சம் கடுப்போடு. தட்டை இன்னொரு தடவை நீட்டினாள்.